அது முனகுது

சூப்பிரண்டு ஃப்ரிட்ஜின் கதவைச் சடாரென்று திறந்தார். சத்தம் நின்றது. உள்ளே விளக்கு எரிய, முட்டைகளும் பால் பாக்கெட்டும் பாதி வெட்டிய எலுமிச்சையும் ஒன்றுமறியாத முகத்தோடு இருந்தன. மூடினார். ஒரு மூச்சுவிடும் நேரம் அமைதி. பிறகு உள்ளேயிருந்து மறுபடியும் அந்தக் கர்ர் என்ற இழுவையும், நடுநடுவே நாக்கைத் தட்டுவது போன்ற ஒரு டக்கும். அவர் பணியில் இருந்த காலத்தில் அலுவலக அறைகளிலும் இப்படித்தான். கதவைத் திறந்தால் பேச்சு நிற்கும், மூடினால் தொடங்கும். அதை மரியாதை என்றே ஓய்வு பெறும்வரை நம்பியிருந்தார். இப்போது ஃப்ரிட்ஜின் முன்னால் நிற்கும்போதுதான் அதில் லேசாகச் சந்தேகம் வந்தது.

சூப்பிரண்டு என்பது அவர் பெயரல்ல, பதவி. அதுவும் முழுப்பதவி என்று சொல்லிவிட முடியாது. குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் கடைசி மாதங்களில் கிடைத்தது. பெயர்ப்பலகையில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று ஒரு வால் இருந்தது. விடைபெற்ற அன்று பலகையைக் கையோடு கொண்டுவந்தவர், வீட்டு வாசலில் மாட்டுவதற்கு முன்னால் அந்த வாலை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து குடியிருப்பு முழுக்க அவர் சூப்பிரண்டு. காவலாளிக்குச் சூப்பிரண்டு சார், குழந்தைகளுக்குச் சூப்பிரண்டு மாமா, முதுகுக்குப் பின்னால் வெறும் சூப்பு.

மனைவி இறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. வயிற்றில் ஏதோ செய்கிறது என்று சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்வது என்றால் உட்கார்ந்து சொல்வதல்ல, பாத்திரம் கழுவும்போது குழாய்த் தண்ணீரோடு சேர்த்து முனகுவது. கடைசியில் போய்க் காட்டியபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்றார். அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. துக்கம் கேட்க வந்தவர்களைச் சூப்பிரண்டு வாசலில் நின்று வரவேற்றார். நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொன்னார். செருப்புகள் கலைந்து கிடந்ததை ஒழுங்குபடுத்தினார். வந்தவர்கள் போகும்போது, "நேரம் ஒதுக்கி வந்ததுக்கு நன்றி" என்றார். திடமான மனுஷன் என்று படியிறங்கும்போது பேசிக்கொண்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். உள்ளே திடமும் இல்லை, எதுவும் இல்லை என்பதை யாரிடம் சொல்வது? அவளுடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஏதாவது வருகிறதா என்று காத்திருந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பசி வந்தது.

அம்மாவின் கடைசி நாள்களுக்கு வந்த மகள் இன்னும் ஊர் திரும்பவில்லை. ஒரு பெரிய நிறுவனத்தில் ஊழியர் நலப் பிரிவுக்குத் தலைவி. வேலை செய்பவர்களின் மனம் சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை; சோர்வுக்குக் காரணமான வேலையைக் குறைப்பது வேறு பிரிவு. அவள் வாயில் பேச்சு எப்போதும் மெத்தையில் வைத்ததுபோல வரும்.

"அப்பா, நீங்க இன்னும் பிராசஸ் பண்ணல."

"எதை?"

"அம்மாவை."

அவர் யோசித்தார். "எல்லாம் குடுத்தாச்சேம்மா. சர்டிஃபிகேட்கூட வந்துருச்சு."

மகள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, விட்டாள். பிறகு தன் வேலைக்கே உரிய அந்தக் கனிந்த குரலில் விளக்கினாள். இப்படி எதையும் வெளியே காட்டாமல் இருப்பவர்கள்தான் ஒருநாள் பொத்தென்று விழுவார்கள். அப்படி ஒருவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. நாளைக் காலை அவளோடு அவரும் கிளம்ப வேண்டும். அங்கே அவருக்கென்று ஒரு அறை தயாராக இருக்கிறது. அந்த அறையைச் சூப்பிரண்டு பார்த்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சுவரில் ஒரு குழாய். அந்தக் குழாயைப் பார்த்தபடி, இன்னைக்கு எப்படி இருக்கு மனசு, என்று தினமும் கேட்கப்படுவதை அவர் நினைத்துப் பார்த்தார். இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று பெரிய ஆசை ஒன்றும் அவருக்கு இல்லை. ஆசை என்று எதுவுமே இல்லை. ஆனால் இங்கே இருந்தால் அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

"நான் இங்கயே இருக்கேன்மா."

"ஒரு தடவை மனசு விட்டு அழுதிருந்தீங்கன்னா நானே சரின்னு விட்டுட்டுப் போயிருப்பேன்பா. நீங்க அம்மாவப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசல."

நிபந்தனை தெளிவாக இருந்தது. நிபந்தனைகள் தெளிவாக இருந்தால் சூப்பிரண்டுக்குப் பிடிக்கும். குளியலறைக்குப் போய்த் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து முயன்றார். முகத்தைக் கோணலாக்கினார். பல் வலிக்காரனைப் போல இருந்ததே ஒழிய வேறெதுவும் நடக்கவில்லை. வாளி நிரம்பி வழிந்தது. இவ்வளவு தண்ணீரை வீணாக்கியது மட்டும்தான் உறுத்தியது. துறையின் ஆள் அல்லவா.

வெளியே வந்து நேராகத் தொலைபேசியை எடுத்து ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ஊருக்குப் போகிறவன் ஃப்ரிட்ஜைக் காலி செய்து அணைத்துவைப்பான். இருக்கப்போகிறவன்தான் பழுது பார்ப்பான். வாயால் சொன்னால் எடுபடாததை அவர் இப்படிச் சொல்லிப் பார்த்தார். மகளுக்கும் அது புரிந்தது. அவள் படுக்கையறைக்குப் போய், அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு வைத்தியம் ஆகியிருந்தது. குடியிருப்பின் செயலாளர் துக்கம் கேட்க வந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு, "லெவல் சரியில்ல சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து ஃப்ரிட்ஜின் காலுக்கு அடியில் செருகினார். சத்தம் அப்படியே இருந்தது. ஃப்ரிட்ஜ் மட்டும் செயலாளருக்குத் தலைவணங்குவதுபோலச் சற்று முன்னால் சாய்ந்தது.

மெக்கானிக் வந்தார். சட்டைப் பையின் மேல் தலைமைத் தொழில்நுட்பர் என்று நூலால் தைத்திருந்தது. கடையில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது என்பது பிறகு தெரியவந்தது. கதவைத் திறக்காமல், தட்டிப் பார்க்காமல், சற்றுத் தள்ளி நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். ஸ்குரூடிரைவரின் முனையை ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் வைத்து, பிடியைக் காதோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"கம்ப்ரசர் சார்."

"நிச்சயமா?"

"இத்தனை வருஷ அனுபவம் சார். கேட்டாலே சொல்லிடுவேன்."

ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கம் குனிந்து, கம்ப்ரசரின் மேல் கையை வைத்தார். கையை எடுத்தார். மறுபடி வைத்தார். அது பாட்டுக்குச் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. "கம்ப்ரசர் இல்லன்னு உறுதி பண்ணிக்கணும்ல சார், அதுக்குத்தான் மொதல்ல சொன்னேன்" என்றார். பிறகு மேல்கதவைத் திறந்து, ஃப்ரீசரில் இருந்த பட்டாணிப் பொட்டலத்தையும் ஐஸ் தட்டுகளையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, உள்ளே பின்சுவர்போல இருந்த பிளாஸ்டிக் பலகையின் திருகுகளைக் கழற்றினார். பலகை வர மறுத்தது. இழுத்ததும் ஒரு முறிவுச் சத்தத்தோடு வந்தது. அதன் பின்னால் சுவர் முழுக்க ஐஸ். வெள்ளையாக, கல்லாக, ஒரு பெரிய மனிதரின் வயிறுபோல முன்தள்ளி நின்றது. அந்த வயிற்றின் நடுவே சின்னதாக ஒரு ஃபேன், அதன் இறக்கை முனை ஐஸில் உரசி உரசித் தேய்ந்திருந்தது.

"பாத்தீங்களா, நான் சொன்ன மாதிரியே ஐஸ்தான்" என்றார் மெக்கானிக். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. இதுபோன்ற இடங்களில் குறுக்கே பேசக் கூடாது என்பது சூப்பிரண்டுக்குத் தெரியும். அவரே அப்படித்தான் கோப்புகளை முடித்துவைத்தவர்.

மகளிடமிருந்து தலைமுடி உலர்த்தும் கருவியை வாங்கிவந்து ஐஸுக்குக் காட்டினார்கள். அது இரைச்சலோடு சூட்டை ஊத, ஐஸ் மெல்ல வியர்த்துச் சொட்ட ஆரம்பித்தது. அவசரப்பட்டால் இறக்கை உடைந்துவிடும், இளகும்வரை காத்திருக்க வேண்டும் என்றார் மெக்கானிக். காத்திருக்கும் நேரத்தில் பேச வேண்டியதாயிற்று. இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் இருவரும் குரலை உயர்த்திப் பேசினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சூப்பிரண்டுக்கு உலகத்தில் எல்லோரிடமும் மரியாதை உண்டு. மேலதிகாரி அவருக்கு 'அவங்க'. மேலதிகாரியின் டிரைவரும் 'அவங்க'. ஒருமுறை பதற்றத்தில், "கார் வந்துட்டாங்களா" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவர். மனைவி மட்டும் 'அது'. கூப்பிடும்போது 'இந்தா', மற்றவர்களிடம் சொல்லும்போது 'அது'. அது கோயிலுக்குப் போயிருக்கு, அது தூங்குது, அதுகிட்டச் சொல்லிடறேன். இதில் வெறுப்பு கிடையாது, பிரியமும் தனியாகக் கிடையாது, நாற்காலியில் உட்கார்வதுபோல ஒரு பழக்கம். மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவரிடம் ஒருநாள், "அதுக்கு உடம்பு முடியல, ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல" என்று இவர் சொல்லப்போக, "நல்ல மிருக வைத்தியர் ஒருத்தர் தெரியும் சார், நம்பர் தரட்டுமா" என்று அவர் அக்கறையோடு கேட்டார். குடியிருப்பு முழுக்க இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது சூப்பிரண்டின் மனைவிதான். கொஞ்ச நாள் அவர் கூப்பிட்டபோதெல்லாம் சமையலறையிலிருந்து 'வள்' என்று பதில் வந்தது.

"எப்பலேர்ந்து சார் இந்தச் சத்தம்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அது ரொம்ப நாளாவே முனகிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் காதுல வாங்கல."

"ஆரம்பத்துலயே காட்டிருக்கணும் சார்."

"வயசானா சத்தம் வரத்தானே செய்யும்னு விட்டுட்டேன்."

"வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது சார். உள்ளுக்குள்ளயே இறுகி இறுகிக் கல்லாப் போயிருக்கு பாருங்க."

"வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு நாள் ஓய்ஞ்சதில்ல அது. நிக்காம உழைச்சுது. நான் ஒருநாள்கூட என்ன ஏதுன்னு திரும்பிப் பாத்தது கிடையாது."

"எல்லா வீட்லயும் அப்படித்தான் சார். ஓடற வரைக்கும் யாரு கவனிக்கறா."

"இப்ப நின்னு போச்சுன்னா வீட்ல ஒண்ணுமே இல்ல. பால்கூட வெச்சுக்க முடியாது."

கடைசி வாக்கியத்தின்போது மெக்கானிக் கருவியின் வேகத்தைக் கூட்டினார். அந்த வாக்கியம் மெக்கானிக்குக் கேட்டிருக்கலாம், சூப்பிரண்டின் காதிலேயே சரியாக விழவில்லை. ஃப்ரிட்ஜைப் பற்றித்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார், அதில் எந்த ஐயமும் வேண்டாம். பேசும்போது அவர் கண் ஐஸின் மேல் இருந்தது, மனம் ஃபேனின் இறக்கை மேல் இருந்தது. கீழே சொட்டும் தண்ணீருக்கு எந்தத் துணியைப் போடுவது, துணிகள் எங்கே இருக்கும் என்று ஒரு பக்கம் யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது.

படுக்கையறை வாசலில் மகள் நின்றாள். கையில் அவருடைய சட்டை ஒன்று பாதி மடித்தபடி. முகம் முழுக்க நனைந்திருந்தது. வந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சூப்பிரண்டின் கையில் பிளாஸ்டிக் பலகை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவையும் உள்ளயே வெச்சுக்கிட்டு இருந்தீங்களாப்பா."

அவர் பலகையை இன்னும் சற்று உயர்த்தினார்.

"நீங்க அம்மாவ கண்டுக்கவே இல்லன்னு உங்க மேல எனக்கு எவ்ளோ கோவம் தெரியுமா? ஆஸ்பத்திரில உங்க முகத்தப் பாக்கவே புடிக்கல. கூட்டிட்டுப் போறதே... வெளிய சொல்லக் கூடாது, அங்க வெச்சு ஒருநாள் உங்களக் கேக்கணும்னுதான். நீங்களே சொல்லிட்டீங்க."

ஊழியர் நலக் குரல் எங்கோ போயிருந்தது. மூக்கு அடைத்து, சின்ன வயதில் இருந்ததுபோலப் பேசினாள். மெக்கானிக் கருவியை அணைக்காமலே நின்றார். பழுது பார்க்கும்போது திட்டுகிற வீடுகளை அவர் பார்த்திருக்கிறார், பேரம் பேசுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறார், ஃப்ரிட்ஜுக்காக அழுகிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறார். அவருடைய முகத்தில் தொழிலின் மீதே ஒரு புதிய மதிப்பு வந்தது.

"நீங்க இங்கயே இருங்கப்பா. நான் உங்க டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன்" என்றாள் மகள்.

என்ன நடந்தது என்பது சூப்பிரண்டுக்கு மெல்லத்தான் விளங்கியது. விளங்கியதும் வாயைத் திறந்தார். வேறு விலாசத்துக்குப் போக வேண்டிய தபால் தவறி வந்தால் உடனே திருப்பி அனுப்ப வேண்டும். இதை எத்தனையோ பேருக்கு அவர் பாடமாக எடுத்திருக்கிறார். ஆனால் குழாய் தெரியும் அந்த ஜன்னல் கண்முன் வந்தது.

"சரிம்மா" என்றார்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொலைபேசியோடு கூடத்துக்குப் போனாள். ஐஸ் பாளமாகக் கழன்று விழுந்தது. மெக்கானிக் இறக்கையை விரலால் சுண்டினார். அது தடையில்லாமல் சுற்றியது. வடிகுழாயில் அடைத்திருந்த ஏதோ ஒரு கறுப்புக் கசடைக் கம்பியால் நெம்பி எடுத்து, இதுதான் காரணம் என்று சூப்பிரண்டிடம் காட்டினார். அது எதுவாக இருக்கும் என்று இருவருக்கும் தெரியவில்லை. பலகையை மாட்டி, திருகி, சுவிட்சைப் போட்டு, கதவை மூடினார்கள். சத்தம் இல்லை. காதைக் கதவில் வைத்தால்தான் உள்ளே மெல்லிய காற்று ஓடுவது கேட்டது.

கூலியை வாங்கிக்கொண்டு பையைத் தோளில் மாட்டிய மெக்கானிக், பேசாமல் போயிருக்கலாம். ஆனால் தலைமைத் தொழில்நுட்பர்கள் நாலு நல்ல வார்த்தை பேசாமல் விடைபெறுவதில்லை. கூடத்தில் மகளைப் பார்த்ததும் நின்றார்.

"மேடம், உங்கப்பா மாதிரி ஒருத்தர நான் பாத்ததில்ல. கட்டின பொண்டாட்டியப் பத்திக்கூட யாரும் இவ்ளோ உருகிப் பேச மாட்டாங்க. ஒரு ஃப்ரிட்ஜ்தானேன்னு நெனைக்காம, பால் வெக்க முடியாதேன்னு எவ்ளோ கவலப்பட்டாரு தெரியுமா. இந்த மாதிரி கஸ்டமருக்கு வேலை செஞ்சா ஒரு திருப்தி மேடம்."

போய்விட்டார். படிகளில் அவர் செருப்புச் சத்தம் கீழே இறங்கி ஓயும்வரை வீட்டில் யாரும் அசையவில்லை.

சூப்பிரண்டு தரை துடைக்க எதையாவது தேடினார். சமையலறைத் தரை முழுக்க ஐஸ் உருகிய தண்ணீர். இந்த நேரத்தில் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது பெரிய ஆறுதல். கதவுக்குப் பின்னால், நீளக் கழியில் துணிக்கொத்துக் கட்டிய அந்தப் பொருள் இருந்தது. இதுவரை அவர் அதைத் தொட்டதில்லை. வாசற்படி ஓரத்திலிருந்து ஆரம்பித்து, அழுத்தி, பக்கவாட்டில் இழுத்து, ஓரடி பின்வாங்கி, மறுபடி இழுத்துத் துடைத்துக்கொண்டே போனார். நிமிர்ந்து பார்க்கவில்லை. மகள் வாசலுக்கு வந்து நிற்கிறாள் என்பது அவளுடைய கால்விரல்களைப் பார்த்துத் தெரிந்தது. அவர் எங்கே போய் முடியப்போகிறார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை. துடைத்துத் துடைத்துப் பின்னால் போனவரின் முதுகு சுவரில் இடித்தது. ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவிலான மூலை. முன்னால், வாசல்வரை ஈரத்தரை பளபளத்தது.

"அப்பா."

"ம்."

"ஃப்ரிட்ஜப் பத்தியா சொன்னீங்க?"

பதிலை அவர் தேடினார். சொன்ன வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முனகிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் காதுல வாங்கல. வயசானா சத்தம் வரத்தானே செய்யும். எடுத்த எடுப்பில் எல்லாம் ஃப்ரிட்ஜுக்கே உரியவையாக இருந்தன. இரண்டாம் முறை பார்த்தபோது அப்படி இல்லை. மூன்றாம் முறை பார்க்க அவருக்குத் தயக்கமாக இருந்தது. தொண்டையைச் செருமினார். பரிசீலித்துச் சொல்கிறேன் என்பதற்கு மேல் நேரடியாக எதற்கும் பதில் சொல்லிப் பழகாத வாய்.

"பேசும்போது... அதப் பத்திதான்."

"எதப் பத்தி?"

"அதுதான்" என்றார். சொன்னபிறகு அந்தச் சொல் எந்தப் பக்கமும் போகாமல் நடுவிலேயே நின்றது. "தெரியலம்மா" என்றார்.

மகளின் கையில் தொலைபேசி இருந்தது. திரையில் விளக்கு இன்னும் எரிந்தது. டிக்கெட்டை அவள் ரத்து செய்துவிட்டாளா, செய்யப்போகும் நேரத்தில் நிறுத்திவிட்டாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. அவள் உள்ளே வரக் காலை எடுத்து, ஈரத்தைப் பார்த்துப் பின்னால் வைத்தாள். போய்விடவும் இல்லை. கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்கயே நில்லுங்க. காஞ்சப்புறம் வாங்க. வழுக்கும்."

அவர் கழியை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகுக்குச் சுவர் குளிர்ச்சியாக இருந்தது. தரை அவள் நின்ற பக்கத்திலிருந்து காய ஆரம்பித்தது. முதலில் வாசற்படி ஓரத்தில் கையளவு வெளுப்பு. பிறகு அதன் ஓரம் கொஞ்சம் அகன்றது. அடுப்பு மேடையின் அடியில் ஒரு திட்டு, நடுவில் ஒரு திட்டு. அவர் காலடியில் இன்னும் தண்ணீர் இருந்தது. அதில் ஜன்னல் கோணலாகத் தெரிந்தது. அந்த வெளுப்பு தன் பக்கம் வருகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வருவதுபோலவும் இருந்தது, வராததுபோலவும் இருந்தது.